தடிக்காரனுக்கு ஒரு முடிவு

நான் பெரிய புத்தகங்களை எழுதுகிறவள். என் கணவர் வசந்த் சின்னப் புத்தகங்களை எழுதுகிறவர். இதை வைத்து எங்கள் வீட்டில் சண்டை வராத வாரம் கிடையாது.

'ஊர் மாறிய சாமிகள்' என்ற எங்கள் தொடரைப் படித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். சேலத்தைச் சுற்றியிருந்த எல்லைகளையெல்லாம் மனை போட்டு விற்றுத் தீர்த்த பிறகு, எல்லையைக் காத்த சாமிகள் வேலை தேடி டவுனுக்குள் வருகின்றன. ஒரு முனி ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறார். கன்னிமார் ஏழு பேரும் அம்மாபேட்டையில் தையல் கடை போட்டு, அளவெடுக்காமலே ஜாக்கெட் தைக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஃபெபி, நீ இதையெல்லாம் எழுதலாமா என்று என் அக்காவே கேட்டிருக்கிறாள். பயம் இல்லாதவள்தான் எழுத முடியும் என்று பதில் சொன்னேன். அப்போது எனக்குப் பயம் இல்லாமல்தான் இருந்தது.

மூன்று பெரிய நாவல்களும் என்னுடையவை. அவற்றில் இரண்டு பக்கம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிற ஆட்களுக்குத் தனித்தனியாகத் துணைக் குறுநாவல் எழுதுவது வசந்தின் வேலை. என் கதைக்குள் டீ குடிக்க வந்துவிட்டுப் போனவன் எங்கே குடியிருக்கிறான், யாரிடம் கோபித்துக்கொண்டு வந்தான் என்று பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவார். கதையில் எங்கே ஓட்டை தெரிந்தாலும் அவருக்குக் கை அரிக்கும். வாசகர்கள் என் புத்தகங்களை வாங்கினார்கள், அவருடைய புத்தகங்களைப் படித்தார்கள். இதை அவர் முன்னால் நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

மூன்றாம் நாவலில் சாமிகள் கூட்டம் போடுகிற இடம் ஒன்று வரும். எல்லோரும் வந்துவிட்டார்கள், ஒரு நாற்காலி மட்டும் காலி. 'மலைக்காரன் வரவில்லை. அவனைக் காவலிலிருந்து மாற்றிவிட ஆள் கிடைக்கவில்லையாம்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கேலிக்காக எழுதியதுதான். அந்த மலைக்காரன் யார் என்று கேட்டு வாசகர்கள் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் காபிப் பழம் பறிக்கிற பருவத்தில் வசந்த் பையைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பினார். கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் குடியிருந்த பழைய வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. எங்கள் மகள் ஹரிணி, நாலாவது படிக்கிறவள், மலை ஆரஞ்சு வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள்.

போன வேகத்தில் கதை கிடைத்துவிட்டது. ஊருக்கு மேற்புறம், காபிச் செடிகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒற்றையடிப் பாதையின் ஓரம் ஆள் உயரக் கல் ஒன்று நிற்கிறது. ஊரில் அதைத் தடிக்காரன் என்கிறார்கள். அதற்கு விளக்கு வைப்பவர் சித்தன். மிளகும் சாமையும் போடுகிற மலை விவசாயி, அதிகம் பேசாதவர். வருடத்துக்கு ஒருநாள் அந்தக் கல்லின் முன்னால் அவர் கதை சொல்வார். கீழே இருந்து ஒரு ராஜா குடிகளோடு மலையேறி வந்தான். மலைக்கு மேலே ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் கூப்பிட்டதாகிவிடும். அது இறங்கி வராமல் இருக்க ராஜா தன் காவல்காரனைப் பாதையில் நிறுத்தினான். கீழே போய்ப் படை கூட்டி வருகிறேன், நான் வரும்வரை நில் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். சித்தன் சொல்கிற கதை அதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று வசந்த் கேட்டதற்கு, அதற்கு மேல் கதை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

வசந்த் போனில் இதைச் சொன்னபோது அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நூற்றுக்கணக்கான வருடமாக ஒரு கதை முடிவில்லாமல் கிடக்கிறது, அவர் கைக்கு வந்திருக்கிறது. அப்படியே விட்டுவிட்டாலும் அழகாக இருக்கும் என்றுதான் முதலில் சொன்னார். அதெல்லாம் முடியாது, முடிவு இல்லாத புத்தகத்தைக் கொடுத்தால் வாசகர்கள் நம்மைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று அடித்துச் சொன்னது நான்தான்.

வசந்த் உட்கார்ந்து எழுதுகிற ஆள் இல்லை. கதை நடக்கிற இடத்துக்கே போய், நடந்துகொண்டே போனில் பேசிப் பதிவு செய்வார். எல்லாப் பாத்திரங்களுக்கும் அவரே பேசுவார். ஏடிஎம் முனியின் கதையை ஏடிஎம் வாசலில் நின்று பேசிப் போலீஸ்காரரிடம் பதில் சொன்னவர். பேசியதை எனக்கு அனுப்புவார், நான் கேட்டுத் திருத்தி எழுதுவேன்.

தடிக்காரனின் கடைசி அத்தியாயம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். ராஜா சமவெளியில் காய்ச்சல் வந்து செத்துப்போகிறான். யாரும் மலைக்குச் சொல்லி அனுப்பவில்லை. தலைமுறைகள் கழித்து வழிப்போக்கன் ஒருவன் அந்தப் பாதையில் வருகிறான், காவல்காரனைப் பார்த்துப் பரிதாபப்படுகிறான். அந்த வழிப்போக்கனின் குரலில் வசந்த் மெதுவாகச் சொல்கிறார்: "உன் ராஜா செத்துட்டான்யா. உன் காவல் முடிஞ்சுது. நீ போ."

நறுக்குவதை நிறுத்திவிட்டேன். இவ்வளவு நன்றாக அவர் எழுதியதே இல்லை. அதன் பிறகு பதிவில் கொஞ்ச நேரம் காற்று மட்டும் இருந்தது. பிறகு ஒரு கம்பைக் கல் மேல் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. பின்னணிக்கு அதுகூட நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வருகிறேன் என்றவர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். எப்போது கூப்பிட்டாலும் போனில் காற்றுச் சத்தம். வீட்டுக்குள்ளே போய்ப் பேசக் கூடாதா என்றால் பேச்சை மாற்றினார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், அம்மணி கொண்டுவந்து கொடுக்கிறாள் என்றார். அம்மணி சித்தனின் மனைவி. அவள் எதற்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டால் போனை வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. மனிதருக்குப் புத்தி எங்கே போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஹரிணியை அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

கொட்டச்சேட்டில் மதியத்திலேயே பனி இறங்கியிருந்தது. பறிப்பு நடக்கிற பருவத்தில் எஸ்டேட் பக்கம் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அன்று பெண்கள் சாலையை ஒட்டிய செடிகளில் மட்டும் பறித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஊர் நாய்கள் மொத்தமும் பஸ் நிற்கிற இடத்தில் வந்து படுத்திருந்தன. வசந்த் எங்கே என்று கேட்டேன். கையை மட்டும் மேலே காட்டினார்கள்.

தடிக்காரன் கல்லுக்குப் பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். கையில் அவர் உயரத்துக்கு ஒரு தடி இருந்தது. முகம் பாதை ஏறிப்போகிற மேட்டைப் பார்த்து இருந்தது. தோளிலும் தலைமுடியிலும் பனி நீர் கோத்து நின்றது, அதைத் துடைக்கவில்லை. கூப்பிட்டேன். என் பக்கம் திரும்பாமலே, கிட்டே வா, ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடாதே என்றார்.

"என்னய போகச் சொல்லிராத ஃபெபி. என்ன ஆனாலும் அந்த வார்த்தை உன் வாயில வரக் கூடாது."

அதற்கு மேல் அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று புரிந்தது. சித்தன் பாதைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷனுக்கு என்ன மருந்து வைத்தீர்கள் என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நிதானமாகச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, சாமைக் காட்டுல பன்னிக்குக் காவல் நிப்போமுங்க. காவலுக்கு நிக்கறவனப் பாத்து நாங்க யாரும் 'போ'ன்னு சொல்ல மாட்டோமுங்க. 'சோறு திங்க வா'ன்னு கூப்புடுவோம், 'செத்த நேரம் உக்காரு'ம்போம். 'உன் காவல் முடிஞ்சுது, நீ போ'ன்னு எவன் வாயில வருதோ, தடி அவன் கைக்குப் போயிருமுங்க. அப்பறம் அவன் எறங்கோணும்னா இன்னொருத்தன் வந்து அவனுக்குச் சொல்லோணும். உங்க ஊட்டுக்காரரு தடிக்காரனுக்கே சொல்லிப்புட்டாருங்க."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அடுப்பில் கை வைக்காதே என்று விருந்தாளிக்கு யார் சொல்லி வைப்பார்கள்? அந்த ஊரில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். தெரியாத ஆள் ஒருவர் இருப்பார், அவர் கல்லின் முன்னால் நின்று பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பார் என்று அவர்கள் எங்கே கண்டார்கள். கதையை ராஜாவோடு அவர்கள் நிறுத்தி வைத்திருந்தது மறதியால் அல்ல. எங்கள் கண்ணுக்குத்தான் அது ஓட்டையாகத் தெரிந்தது.

நான் அப்போதும் நம்பவில்லை. மனசு கெட்டுப்போயிருக்கிறது, டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும் என்றே நினைத்தேன். சேலத்தில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் இருந்தார். எப்படியாவது காரில் ஏற்றிவிட வேண்டும். சித்தனின் அண்ணன் மகன் யுவராஜ் ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறவன், அன்று ஊரில் இருந்தான். அவனைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் தப்பில்லையே. அப்படியே கூப்பிட்டேன். வசந்த் தடியைக் கல்லில் சாய்த்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து இறங்கி வந்தார். ரைட்டர் வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் சேர்ந்து அவரைக் காருக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினோம். யுவராஜ் ஓட்டினான். நான் பின்சீட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

குப்பனூர் சாலையில் இறங்கத் தொடங்கியதும் அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. திமிறவில்லை, கத்தவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதை சும்மா கெடக்குது ஃபெபி. திருப்பச் சொல்லு. அது வந்துட்டு இருக்குது."

காய்ச்சல்காரருக்குச் சொல்வது போல, ஒன்றுமில்லை, இப்போது போய்விடலாம் என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன். யுவராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், நான் ஓட்டு என்றேன். பாதி மலை இறங்கியிருப்போம். அவன் போன் அடித்தது. சித்தன் கூப்பிட்டார். யுவராஜ் கேட்டுக்கொண்டே காரை ஓரம் கட்டினான். அம்மணியைக் காணவில்லையாம். வசந்துக்குச் சோறு எடுத்துக்கொண்டு கல் பக்கம் போனவள் திரும்பவில்லை. அவர் எங்களோடு வந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

யுவராஜ் என்னைக் கேட்காமலே வண்டியைத் திருப்பினான். நானும் தடுக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மணி கிடைத்திருந்தாள். கல்லுக்குக் கொஞ்சம் கீழே ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தூக்குப்போசி பக்கத்தில் நிமிர்ந்தபடியே இருந்தது, சோறுகூடச் சிந்தவில்லை. கண் திறந்திருந்தது, மூச்சு வந்துகொண்டிருந்தது. சித்தன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மணி, அம்மணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது யாருடைய பெயர் என்பது போல அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பார்வையை அவருக்குப் பின்னால் கொண்டுபோய், மேட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் நம்பாத புத்தியெல்லாம் அந்த இடத்திலேயே முடிந்தது.

வசந்த் பாதையில் ஏறித் தடியை எடுத்துக்கொண்டார். அவர் நின்ற கொஞ்ச நேரத்தில் பனி மேட்டுப் பக்கமாக ஒதுங்கியது, பறவைச் சத்தம் திரும்பி வந்தது. கீழே சாலையில் ஒரு நாய் குரைத்தது.

சித்தன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மனைவியைக் கைப்பிடித்து எழுப்பிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உங்க ஊட்டுக்காரரு நொம்ப நல்லவருங்கம்மா. அவரு நிக்கட்டும்ங்க."

அம்மணி இன்னும் அப்படியேதான் இருக்கிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். சேலத்துப் பெரிய டாக்டர்களிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவளை அழைத்துப்போய்க் கொண்டுவந்த நாட்களில் ஒருமுறை சித்தனிடம் கேட்டேன். ஊரில் இத்தனை ஆண்கள் இருக்கிறீர்கள், ஆளுக்கு ஒருநாள் முறை வைத்து நின்றால் என்ன? அவர் யோசித்துப் பார்க்காத விஷயமில்லை என்பது பதிலிலேயே தெரிந்தது.

"சொல்லிட்டு நின்னுக்கலாமுங்க. எறங்கிப் போனவன் நாளைக்கி வந்து நமக்குச் சொல்லுவானான்னுதான் தெரியாதுங்க."

நான் வாடகையைத் தொடர்ந்து கட்டுகிறேன். வாரத்தில் நாலு நாள் ஹரிணியை அக்கா வீட்டில் விட்டுவிட்டு மலையில், மிச்ச நாள் சேலத்தில். நான் இல்லாத நாளில் பறிக்கிற பெண்கள் சோறு கொண்டுபோகிறார்கள். அந்தப் புத்தகம் வெளியாகவில்லை, பதிவை அழித்துவிட்டேன். வசந்த் சாப்பிடுகிறார், உட்காருகிறார், கண்ணைத் திறந்துகொண்டே கொஞ்சம் தூங்குவது போல இருக்கிறார். முன்பெல்லாம் கதையைப் பற்றிப் பேசுவார். இப்போது கீழே உள்ளவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். என் அக்காவின் பெயர் போய்விட்டது. எங்கள் தெருவின் பெயர் போய்விட்டது. ஹரிணி என்ற பெயரை மட்டும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார். அவளைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். பிள்ளைகள் எதையும் சட்டென்று சொல்லிவிடுவார்கள், வேண்டவே வேண்டாம் என்றார்.

நேற்று டிபன் கேரியரைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குப் பிடித்த தட்டப்பயறுக் குழம்பு. கையில் எடுத்த கவளத்தை வாயில் போடாமல் வைத்துக்கொண்டிருந்தார். முகம் வழக்கம்போல மேட்டைப் பார்த்திருந்தது. சொல்லாதே, சொல்லாதே என்று இத்தனை நாள் என் வாயை அடைத்தவர் நேற்று கேட்டார்.

"ஒரே ஒரு நாள் ஃபெபி. நீ சொன்னீன்னா நான் எறங்கிப் போயி ஹரிணியப் பாத்துட்டு மறுநாளே வந்தர்றேன். வந்து உனக்குச் சொல்லிர்றேன். மூஞ்சி மறந்துட்டே வருது."

அவர் பொய் சொல்லவில்லை. கல்யாணமானதிலிருந்து இந்தத் தடி கைக்கு வரும்வரை, வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்த மனிதர் இல்லை அவர். அழுதுகொண்டு கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். பஸ்ஸுக்குச் சில்லறை கேட்கிறவர் போலச் சாதாரணமாகக் கேட்டார். இந்த மனிதருக்காக உயிரையே கொடுப்பேன் என்று என் நாவலின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். மேட்டைப் பார்த்தேன். செடிகள் முடிகிற இடத்துக்கு அப்பால் பனி அசையாமல் நின்றது. அதற்குள் ஏதோ ஒன்று என் பதிலுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. ஹரிணிக்கு நாளை யார் தலை பின்னிவிடுவார்கள் என்று யோசித்தேன். அம்மணியின் சிரிப்பை நினைத்தேன். கீழே போன பிறகு பிள்ளையின் கை இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால், பெயர்களெல்லாம் மறந்துபோன இந்த மனிதருக்குத் திரும்பி வர வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்குமா என்று யோசித்தேன்.

சொல்ல வேண்டியது சின்ன வார்த்தைதான். நான் சொல்லவில்லை.

"சோறு ஆறிப்போச்சுங்க, சாப்புடுங்க" என்றேன்.

அவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். காவலுக்கு நின்ற நாளிலிருந்து அவர் மேட்டிலிருந்து கண்ணை எடுத்தது அந்த ஒரு தடவைதான். கோபமில்லை. என்னைப் புரிந்துகொண்டுவிட்டார், அவ்வளவுதான். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். நான் கேரியரைக் கழுவிக்கொண்டு இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடித்துச் சேலம் வந்தேன். அக்கா வீட்டில் ஹரிணி கதவைத் திறந்ததும் அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். அப்பாவுக்கு வேலை பிடித்துப்போய்விட்டது என்று சொன்னேன்.